இடது சிறுநீரகத்தின் சிரை மட்டும் ஏன் நசுங்குகிறது?

சிறுநீரில் ரத்தம், இடது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்தால் கல் இல்லை, கிருமித்தொற்றும் இல்லை. இப்படி அலைபவர்களில் சிலருக்குக் கோளாறு சிறுநீரகத்திலேயே இல்லை, அதிலிருந்து ரத்தம் வெளியேறும் வழியில் இருக்கிறது.

முதுகெலும்புக்கு முன்னால் இடப்பக்கமாக, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் பெருந்தமனி. அதற்கு வலப்பக்கம், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெருஞ்சிரை. சிறுநீரகம் சுத்தம் செய்த ரத்தம் பெருஞ்சிரைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். வலது சிறுநீரகத்துக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது, 2 முதல் 4 செ.மீ. போதும். இடது சிறுநீரகத்தின் சிரையோ 6 முதல் 10 செ.மீ. வரை நீண்டு, பெருந்தமனிக்கு முன்புறமாகக் குறுக்கே போகிறது. அந்த இடத்துக்குச் சற்று மேலேதான் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று பெருந்தமனியிலிருந்து கிளைத்து, சிரைக்கு முன்னால் சாய்வாக இறங்குகிறது. இரண்டு தமனிகளுக்கும் நடுவே சிரை மாட்டிக்கொள்கிறது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கீழ்நோக்கி விரித்து, நடுவில் ஒரு மெல்லிய ஸ்ட்ராவை வைத்துப் பாருங்கள். விரல்களைச் சேர்க்கச் சேர்க்க ஸ்ட்ராதான் தட்டையாகும். தமனிக்குள் அழுத்தம் அதிகம், சுவரும் தடிமன். சிரைக்கு இரண்டும் குறைவு, அதனால் அதுதான் விட்டுக்கொடுக்கிறது.

1937-ல் உடற்கூறியலாளர் கிராண்ட் இதைக் கொட்டை உடைக்கும் இடுக்கியோடு ஒப்பிட்டார். நட்கிராக்கர் சிண்ட்ரோம் என்ற பெயர் அந்த உவமையிலிருந்து வந்ததுதான். சிலருக்கு இந்தச் சிரை பெருந்தமனிக்குப் பின்னால் போகும், அப்போது முதுகெலும்போடு சேர்ந்து நசுங்கும்.

சரி, ரத்தம் ஏன் சிறுநீருக்கு வருகிறது? வழி அடைபட்டால் அழுத்தம் பின்னோக்கி ஏறி, சிறுநீர் சேரும் அறைகளை ஒட்டியுள்ள மெல்லிய சிரைகள் புடைத்துக் கசிகின்றன. இடது விதையிலிருந்து வரும் சிரையும் இதில்தான் சேர்கிறது. அதனால் ஆண்களுக்கு அங்கே சிரைகள் புடைத்துச் சுருண்டு வீக்கம் வரலாம். பெண்களுக்கு இடது சூலகத்துச் சிரையில் ரத்தம் தேங்கி அடிவயிற்றில் வலி வரலாம்.

இரு தமனிகளுக்கும் நடுவே இருக்கும் கொழுப்புதான் அந்த இடுக்கைத் திறந்து வைக்கிறது. அதனால்தான் ஒல்லியானவர்களிடமும் திடீரென எடை குறைந்தவர்களிடமும் இது அதிகம் தெரிகிறது. ஸ்கேனில் சிரை குறுகலாகத் தெரிந்தாலே நோய் என்று பயப்பட வேண்டியதில்லை, தொந்தரவே இல்லாத பலருக்கும் அது அப்படித்தான் இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் அவசரப்படாமல் கண்காணிப்பார்கள். உடம்பு தேறத் தேறப் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ரத்தப்போக்கும் வலியும் விடாமல் படுத்தினால் மட்டுமே அறுவை சிகிச்சை, அதில் சிரையை வெட்டி, பெருஞ்சிரையில் இன்னும் கீழே, இடுக்குக்கு வெளியே கொண்டுபோய்த் தைத்துவிடுகிறார்கள்.