கட்டி சுருங்கினால் பட்டியலில் இடம்: அமெரிக்காவின் கல்லீரல் மாற்று விதி

கல்லீரல் புற்றுநோய்க்கு மாற்று அறுவைச் சிகிச்சை கேட்பவரிடம் முதலில் பார்க்கப்படுவது கட்டியின் அளவும் எண்ணிக்கையும்தான். 1996-இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் வகுத்த வரம்பின்படி, ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள்ளும், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் உறுப்புப் பகிர்வை ஒழுங்குபடுத்தும் ஓபிடிஎன் அமைப்பும் இதையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

வரம்பைத் தாண்டியவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை என்பதைப் பல குடும்பங்கள் அறியாமலே நம்பிக்கை இழப்பது வேதனை தருகிறது. ஒரு கட்டி 8 செ.மீ. வரை இருந்தாலும், இரண்டு அல்லது மூன்று கட்டிகள் தலா 5 செ.மீ.க்குள் இருந்தாலும், நான்கு அல்லது ஐந்து கட்டிகள் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலும் (பல கட்டிகள் இருந்தால் மொத்த விட்டம் 8 செ.மீ.க்கு மேற்படக் கூடாது), முதலில் கட்டியைச் சுருக்கும் சிகிச்சை பெற்று, அது மிலான் வரம்புக்குள் வந்ததை ஸ்கேன் காட்டினால், அவரும் மாற்றுக்கான முன்னுரிமை கோரலாம்.

சுருக்குவதற்கு, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் மருந்து செலுத்தி அதை அடைப்பது, ரத்தக் குழாய் வழியே இட்ரியம்-90 கதிர்வீச்சுத் துகள்களை அனுப்புவது, ஊசியைச் செருகி வெப்பத்தால் கட்டியைச் சுட்டழிப்பது ஆகிய முறைகள் தனித்தோ ஒன்றன்பின் ஒன்றாகவோ பயன்படுகின்றன. இவ்வாறு சுருக்கியபின் மாற்று செய்வதன் பலனை, 2020-இல் வெளியான இத்தாலிய ஆய்வு தெளிவாகக் காட்டியது: மாற்று பெற்ற பிரிவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 77.5 விழுக்காடு, பெறாத பிரிவில் 31.2 விழுக்காடு. இரு பிரிவுகளிலும் சேர்த்து 45 பேர் மட்டுமே என்றாலும், இந்த இடைவெளியைச் சிறியதென்று ஒதுக்க முடியாது.

முன்னுரிமை ஏன் தேவை? காத்திருப்புப் பட்டியல், கல்லீரல் எவ்வளவு பழுதடைந்துள்ளது என்பதைக் காட்டும் மெல்ட் மதிப்பெண்ணின்படி நகர்கிறது. புற்றுநோயாளியின் கல்லீரல் ஓரளவு நன்றாகவே இயங்கக்கூடும் என்பதால், அவருடைய மதிப்பெண் குறைவாக இருந்து, முறை வருவதற்குள் நோய் பரவிவிடலாம். ஆகவே அவருக்கு விதிவிலக்கு மதிப்பெண் தரப்படுகிறது. ஆனால் உடனே அல்ல, ஆறு மாதம் காத்திருந்த பிறகே. அந்த இடைவெளியில் நோயின் போக்கும் புலப்படும். மூன்று மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுத்து விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய புரதமான ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 1,000 நானோகிராமுக்கு மேல் இருந்தால், சிகிச்சையால் அது 500-க்குக் கீழ் இறங்கிய பின்பே மதிப்பெண் கிடைக்கும். புற்றுநோய்க்காக, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளை யாரேனும் பரிந்துரைத்தால், அவை புதிய கல்லீரலை உடல் நிராகரிக்கும் அபாயத்தைக் கூட்டக்கூடியவை என்பதால், முதல் ஊசிக்கு முன்பே மாற்று மையத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.