பேச்சால் ஆறாத பால்யக் காயம்: கண்ணசைவுச் சிகிச்சை வேலை செய்யும் விதம்

சிறு வயதில் அடியும் வசையும் வாங்கி வளர்ந்த சிலருக்குப் பேச்சுச் சிகிச்சை ஒரு கட்டத்துக்கு மேல் நகர்வதில்லை. நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல முடிகிறது. ஆனாலும் பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று சாத்தினால் உடம்பு விறைக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா, யோசிக்கும் மூளை விழித்துக்கொள்வதற்குள் வேலையை முடித்துவிடுகிறது. அதனிடம் விளக்கம் எடுபடாது.

மாற்று வழிகளில் ஆய்வு பலம் அதிகமுள்ளது ஈஎம்டிஆர் எனப்படும் கண்ணசைவுச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷப்பிரோ 1989இல் இதைப் பற்றி முதல் கட்டுரை வெளியிட்டார். கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனவடு நோய்க்கு (பிடிஎஸ்டி) உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் பரிந்துரைத்தது.

செயல்படு நினைவு, அதாவது இந்தக் கணத்தில் மனத்தில் ஏந்தியிருப்பது, மிகக் குறுகிய இடம். கொடிய காட்சியை அங்கே வைத்துக்கொண்டே சிகிச்சையாளர் இடவலமாக அசைக்கும் விரலைக் கண்ணால் துரத்தினால் இரண்டுக்கும் இடம் போதாது. காட்சி மங்குகிறது. மங்கிய நிலையிலேயே அது மீண்டும் நினைவில் பதிகிறது என்று கருதப்படுகிறது. மூளையின் இடப்பாதியும் வலப்பாதியும் இணைவதால்தான் குணமாகிறது என்ற பிரபலமான விளக்கம் அவ்வளவாக நிற்கவில்லை: சோதனைகளில் கண்ணை மேலும் கீழும் அசைத்தாலும், எண்களைப் பின்னோக்கி எண்ணினாலும் காட்சி மங்கியது. காதில் மாறிமாறி ஒலிக்கும் பீப் சத்தத்துக்கு அந்த அளவு பலன் இல்லை. அது மனத்துக்குப் பெரிய சுமையே அல்ல.

சிகிச்சை எட்டுக் கட்டங்கள் கொண்டது. முதல் இரண்டும் வரலாறு கேட்பதும் தயாரிப்பும்: மூச்சை நிதானப்படுத்துவது, பாதுகாப்பான ஓர் இடத்தை மனத்தில் வரவழைப்பது. பிறகு காட்சியின் மிக மோசமான கணம், அதோடு ஒட்டிய எண்ணம் (‘நான் உதவாக்கரை’), உடம்பில் அது பிடித்திருக்கும் இடம் ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். வேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். பின்பு விரலைக் கண்ணால் துரத்தும் சுற்றுகள்: ஒரு சுற்றுக்கு விரல் சுமார் 24 முறை வீசும், ஏறத்தாழ அரை நிமிடம். பிறகு ‘இப்போது என்ன வருகிறது?’ என்ற ஒரே கேள்வி. ஒரு வரி பதில் போதும், அடுத்த சுற்று. மதிப்பெண் 0க்கு இறங்கும்வரை இது தொடரும். ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிங்கப்பூரில் அமர்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் அப்பா திட்டியது தமிழில். அதை முழுக்க விவரிக்காமல், தமிழிலேயே மனத்தில் ஓடவிடலாம்.

கோளாறு பெரும்பாலும் அவசரத்தில் வருகிறது. ஒரு விபத்துக்குத் தயாரிப்பு ஓரிரு அமர்வில் முடியலாம். ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமைக்கு வாரக்கணக்கில் தேவைப்படும். அதைத் தாண்டிக் குதித்தால் பழைய பயம் வெள்ளமாகப் பாயும், அல்லது உடம்பு மரத்து, அறையே தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். இரண்டிலும் சுற்றை நிறுத்திவிட்டு, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் செய்ய வேண்டும். வேலை முடியாத காட்சியை முறையாக மூடிவைக்காமல் வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. அமர்வுக்குப் பின் சில நாள் கெட்ட கனவு வருவது வழக்கம்தான். வலிப்பு, கண் நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கைப்பேசிச் செயலியை வைத்துத் தனியே செய்துபார்ப்பது வேண்டாம். வெள்ளம் வந்தால் நிறுத்த ஆளிருக்காது.

யோகாவுக்கும் ஓரளவு சான்று உண்டு. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மனவடு நோயுள்ள பெண்கள் பங்கேற்றனர்; வாரம் ஒரு மணி நேரம், 10 வாரம். யோகா செய்த 31 பேரில் 16 பேரும், ஒப்பீட்டுக் குழுவின் 29 பேரில் 6 பேரும் நோய்க்குரிய அளவைவிட்டுக் கீழே இறங்கினர். ஆனால் சமூக மன்ற வகுப்பு அதற்கு ஈடாகாது: ஆய்வில் கையாண்ட முறையில் ஆசிரியர் தொட்டுத் திருத்தமாட்டார், எந்த ஆசனத்தையும் கட்டாயப்படுத்தமாட்டார். சொல் வராத பிள்ளைகளுக்கு ஓவியச் சிகிச்சை உதவலாம். மூளை அலையைத் திரையில் பார்த்து அதைச் சீராக்கப் பழகும் பயிற்சிக்குச் செலவு அதிகம், சான்று குறைவு, கடைசியாகப் பார்க்கலாம்.

பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் குடிமக்களுக்கு மானியக் கட்டணம். உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தால் காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள். தனியாரிடம் போகிறவர்கள், சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, ஈஎம்டிஆர் பயிற்சி எங்கே பெற்றார், தயாரிப்புக்கு எவ்வளவு காலம் ஒதுக்குவார் என்று கேளுங்கள். ‘முதல் நாளே ஆரம்பித்துவிடலாம்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.