பெப்டைடு என்கிற துணுக்கு

எதிர்வீட்டு அக்கா ஒரு கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "பொண்ணு வாங்கி அனுப்பியிருக்கா. இதுல பெப்டைடு இருக்காம், முகச் சுருக்கமெல்லாம் போயிடுமாம். பெப்டைடுன்னா என்னப்பா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின், அப்புறம் வரிசையாக இருபது பெயர்கள். கிட்டத்தட்ட கடைசியில், பொடி எழுத்தில், 'பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு-4'. அன்று அக்காவுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

சொல்லின் வேர் வயிற்றில் இருக்கிறது. கிரேக்கத்தில் 'பெப்டோஸ்' என்றால் செரித்தது. இரைப்பையில் புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதிக்கு 1836இல் தியோடர் ஷ்வான் 'பெப்சின்' என்று பெயர் வைத்ததும் இந்த வேரிலிருந்துதான். அந்த நொதி புரதத்தை அறுத்துப்போட்டால் கிடைக்கும் கலவைக்குப் 'பெப்டோன்' என்று பெயர் வந்தது. ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1902இல் அந்தப் பெப்டோனின் தலையை எடுத்து, சர்க்கரைகளைக் குறிக்கும் 'சாக்கரைடு' என்ற சொல்லின் வாலை ஒட்டி, 'பெப்டைடு' என்ற சொல்லை உண்டாக்கினார். சர்க்கரை ஆராய்ச்சியில் ஊறியவர் அவர். அதே ஆண்டு நோபல் பரிசு வாங்கியதும் சர்க்கரை, பியூரின் ஆராய்ச்சிகளுக்காகத்தான்.

பொருள் இதுதான்: புரதத்தின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் சிறிய தொடர். இரண்டு கோத்தால் டைபெப்டைடு, மூன்று கோத்தால் ட்ரைபெப்டைடு, ஐந்து கோத்தால் பென்டாபெப்டைடு. தொடர் மிக நீண்டு மடிந்து ஓர் உருவம் எடுத்துவிட்டால் அதைப் புரதம் என்கிறோம். டப்பாவில் பெயருக்குப் பின்னால் வரும் 4க்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. அது பெயர்ப் பட்டியலின் வரிசை எண்.

இது ஏதோ அழகு நிலையத்துப் புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் இன்சுலின், 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. அதை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போடுவதற்குக் காரணமும் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. வயிற்றுக்குள் போனால் அதுவும் செரித்துவிடும்.

சரி, முகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அதற்கு இன்னொரு சொல்லைப் பார்க்க வேண்டும்: கொலாஜன். கிரேக்கத்தில் 'கொல்லா' என்றால் பசை. கொலாஜன் என்றால் பசை தருவது. ஆட்டுக்கால் சூப்பை இரவு மூடிவைத்துவிட்டுக் காலையில் திறந்தால், கரண்டி வைத்தால் அசைந்து நடுங்கும் கட்டியாக உறைந்திருக்குமே, அது கொலாஜன் வெந்து இளகி வந்த ஜெலட்டின். நம் தோலுக்கு உறுதி தருவதும் கொலாஜன்தான். வயது ஏற ஏற, வெயில் பட்ட இடத்தில் இன்னும் வேகமாக, அது குறைகிறது. தோல் மடிகிறது.

கொலாஜன் உருவாகும்போது அதற்கு முன்வடிவமாக ஒரு புரதம் இருக்கிறது. அதிலிருந்து லைசின், திரியோனின், திரியோனின், லைசின், செரின் என்ற ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை எடுத்து, வளர்ப்புக் கிண்ணத்தில் இருந்த செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். செல்கள் கூடுதலாகக் கொலாஜன் செய்தன. 1993இல் இந்த ஆய்வு வெளியானது. கொலாஜன் உடைகிறது, புதிதாகச் செய்ய வேண்டும் என்பதற்கான செய்தியாகச் செல்கள் இந்தத் துண்டை எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் கிரீமுக்குப் பின்னால் இருக்கும் கருத்து.

ஆனால் கிண்ணத்தில் இருக்கும் செல் வேறு, முகம் வேறு. தோலின் மேலடுக்கில் கொழுப்பு நிறைந்திருக்கிறது. தண்ணீரோடு சேரும் இந்தத் துண்டு அதைத் தாண்டுவது கடினம். அதனால் ஒரு கொழுப்பு அமிலத்தை அதன் முனையில் ஒட்டினார்கள். டப்பாவில் இருந்த 'பால்மிட்டாயில்' அதுதான். பால்மிட்டிக் அமிலம் பெயர் பெற்றது பாம் எண்ணெயிலிருந்து. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலும் இந்த நீளப் பெயரும் ஒரே சொல்லின் பிள்ளைகள். பிரான்சின் செடர்மா நிறுவனம் இதை 'மேட்ரிக்சில்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பலன் உண்டா? 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 35 முதல் 55 வயது வரையான 93 பெண்கள், முகத்தின் ஒரு பக்கத்தில் இந்தப் பெப்டைடு சேர்த்த கிரீமும் மறுபக்கத்தில் சேர்க்காத அதே கிரீமும் 12 வாரம் பூசினார்கள். சேர்த்த பக்கத்தில் மெல்லிய கோடுகள் சற்றுக் குறைந்தன. சற்றுத்தான். அதில் இருந்த அளவு பத்து லட்சத்தில் 3 பங்கு. 50 கிராம் டப்பாவுக்குக் கணக்குப் போட்டால் 0.15 மில்லிகிராம், ஓர் உப்புக்கல்லை விடக் குறைவு. பெயர் கடைசி வரிக்குப் போனதன் காரணம் இதுதான். கடைசியில் இருப்பதாலேயே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. முன் அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பதாலேயே அற்புதம் என்றும் நம்பிவிடக் கூடாது.

இன்னொரு வகை 'அசிட்டைல் ஹெக்சாபெப்டைடு-8', ஆறு அலகு கொண்டது. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்ப உதவும் ஒரு புரதத்தின் முனையைப் பார்த்துச் செய்தது. சுருக்கம் குறைய ஊசியாகப் போடும் போடாக்ஸ் மருந்து அறுப்பதும் அதே புரதத்தைத்தான். அதை வைத்து 'ஊசி இல்லாத போடாக்ஸ்' என்று விற்கிறார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். ஊசி மருந்து நேரே தசைக்குப் போகிறது. கிரீம் தோல் முழுவதையும் கடந்து போக வேண்டும்.

இப்போது தமிழுக்கு வருவோம். சுருக்கத்துக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: திரை. 'நரை, திரை, மூப்பு' என்கிறோமே, அந்தத் திரை. புறநானூற்றின் 195ஆம் பாட்டில் முதியவர்களின் சுருங்கிய கன்னம் 'திரைகவுள்' என்று வருகிறது. அலைக்கும் திரை என்றுதான் பெயர். தோலில் எழுந்த அலை என்று கொண்டால் எவ்வளவு பொருத்தம்! ஆனால் இன்று திரை என்றால் சினிமாதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் 'சுருக்கம் குறைக்கும் கிரீம்' என்றே சொல்லலாம். 'போக்கும்' வேண்டாம், 'குறைக்கும்' போதும்.

பெப்டைடுக்கு என் தேர்வு 'புரதத் துணுக்கு'. வேர்ப்பொருளைப் பார்த்துச் 'செரிபொருள்' என்று வைத்தால் சோறும் அதில் சேர்ந்துவிடும். 'அமினோத் தொடர்' துல்லியமானது, பாடநூலுக்குப் பொருந்தும். கேட்டவுடன் ஒன்றும் விளங்காது. துணுக்கு என்றால் பெரிதிலிருந்து வந்த சிறியது என்று யாருக்கும் புரியும். பென்டாபெப்டைடு ஐந்தலகுத் துணுக்கு, ஹெக்சாபெப்டைடு ஆறலகுத் துணுக்கு. மருந்துக் கடையில் கேட்கும்போது பெப்டைடு என்றே கேளுங்கள், அங்கே அதுதான் செல்லும்.

மறுநாள் அக்காவிடம், "கொலாஜனோட ஒரு துணுக்குக்கா, அதுல கொழுப்பு ஒட்டியிருக்காங்க" என்றேன். "அப்ப கொலாஜனே இல்லியா இதுல?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை வாங்கிக் கடைசி வரியைத் தானே தேடிப் படித்தார்.