பேண்ட்விட்த் என்னும் பட்டையகலம்

"உங்க வீட்ல நெட் ஸ்பீடு எவ்வளவு?" என்று கேட்டால் "நூறு எம்பிபிஎஸ்" என்று பதில் வரும். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றைத் தகவல் துளி; எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு மெகாபிட், அதாவது பத்து லட்சம் பிட். அந்த நூறு, ஒரு விநாடிக்குள் அதிகபட்சம் எத்தனை பிட் கடந்துபோகலாம் என்பதைச் சொல்கிறது. ஒரு பிட் எவ்வளவு விரைவாக வந்து சேரும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்த அளவுக்குப் பொறியியலில் பேண்ட்விட்த் என்று பெயர். மாணவர்கள் இதை வேகம் என்றே மனத்தில் பதித்துக்கொள்வதால், "நூறு எம்பிபிஎஸ் போட்டும் இணைய வகுப்பில் குரல் ஏன் விட்டு விட்டு வருகிறது?" என்ற கேள்விக்கு அவர்களால் பதில் தேட முடிவதில்லை.

சொல் வானொலி, தொலைபேசித் துறைகளிலிருந்து வந்தது. 'பேண்ட்' என்றால் நாடா, பட்டை. 'விட்த்' என்றால் அகலம். விநாடிக்கு எத்தனை அலை என்பது அலைவெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். அலைவெண்களை வரிசையாக ஒரு கோட்டில் எழுதி, அதில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை நமக்கு என்று ஒரு பட்டை ஒதுக்கினால், அதன் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து வருவதுதான் பேண்ட்விட்த். பழைய தொலைபேசிக் கம்பியில் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை இடம். கழித்தால் 3100 ஹெர்ட்ஸ். ஆகவே இதன் முதல் அலகு ஹெர்ட்ஸ். பிட் பிறகு வந்தது.

அந்த மாற்றத்துக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹார்ட்லி. பட்டையின் அகலமும் அனுப்பும் நேரமும் பெருகப் பெருக, அனுப்பக்கூடிய தகவலின் அளவும் அதே விகிதத்தில் பெருகும் என்று 1928-இல் எழுதினார். 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் இதில் இரைச்சலையும் சேர்த்து, இவ்வளவு அகலமும் இவ்வளவு இரைச்சலும் உள்ள தடத்தில் விநாடிக்கு இத்தனை பிட்டுக்கு மேல் பிழையின்றிப் போகாது என்று வரம்பு கட்டினார். அகலமும் பிட்டும் இப்படி ஒன்றோடொன்று கட்டுண்டதால், கணினிக்காரர்கள் பிட் கணக்கையும் பேண்ட்விட்த் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். 1995 ஆகஸ்ட் 15-இல் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, வீடுகளுக்கு அது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. தொலைபேசி அழைப்புப் போட்டு இணையும் டயல்-அப் மோடம்கள் விநாடிக்கு 56 கிலோபிட்டைத் தாண்ட முடியாமல் நின்றதற்கு, குரலுக்கென்று அளந்து வைத்த அந்தக் குறுகிய பட்டைதான் முக்கியக் காரணம்.

இனித் தமிழ்ச் சொல். பட்டையகலம், கற்றையகலம், அலைவரிசை அகலம் என்று மூன்றும் புழங்குகின்றன. கற்றை என்பது சேர்த்துப் பிடித்த தொகுதி: ஒளிக்கற்றை, வைக்கோல் கற்றை. அதற்கு இரண்டு கரை கிடையாது. பட்டைக்கு உண்டு. நெற்றியில் இழுத்த திருநீற்றுப் பட்டைக்கு மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இருப்பதுபோல. கழித்துப் பார்க்க வேண்டிய ஓர் அளவுக்கு இரண்டு விளிம்புள்ள சொல்தான் சரி. அலைக்கற்றை என்பது ஸ்பெக்ட்ரத்துக்கு நிலைத்துவிட்டது, அது அங்கேயே இருக்கட்டும். அலைவரிசை என்றால் தொலைக்காட்சிச் சேனல் என்றே எல்லோருக்கும் நினைவு வரும். எனவே பட்டையகலம். பிராட்பேண்டுக்கு அதே வேரில் அகலப்பட்டை.

இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். பிராட்பேண்டை 'அகண்ட அலைவரிசை' என்று பலர் எழுதுகிறார்கள். அகண்டம் என்றால் கண்டமாகாதது, துண்டுபடாதது. விரிந்தது என்று சொல்ல, 'அகல்' என்ற வினையிலிருந்து வரும் 'அகன்ற' வேண்டும். மாயனூர், குளித்தலைப் பக்கம் ஆற்றை அகண்ட காவிரி என்கிறோம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதற்கு முன் ஆறு முழுதாக ஓடுகிறது என்பதால் பெயர் பொருந்துகிறது. அங்கே ஆறு அகன்றும் கிடப்பதால் இரண்டு சொல்லும் ஒன்றென்று தோன்றிவிட்டது. எவ்வளவு அகன்றால் அகலப்பட்டை என்பதும் காலத்துக்குக் காலம் மாறியது. இந்திய அரசின் கணக்கில் 2004-இல் குறைந்தது 256 கிலோபிட், 2013-இல் 512 கிலோபிட், 2023 முதல் 2 மெகாபிட்.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த அலகுகள் புதிதல்ல. மேட்டூரில் 93.47 டிஎம்சி இருக்கலாம், ஆனால் வாய்க்காலில் எவ்வளவு வருகிறது என்பதைக் கன அடியில்தான் கேட்பார்கள். ஒன்று இருப்பு, மற்றது விநாடிக்கு ஓடும் அளவு. டேட்டா பேக்கின் ஜிபி, டிஎம்சி மாதிரி. எம்பிபிஎஸ், கன அடி மாதிரி. ஒரு நாளைக்கு 2 ஜிபி என்ற பேக்கை 40 எம்பிபிஎஸ் இணைப்பில் முழு வீச்சில் இழுத்தால் 400 விநாடியில், ஏழு நிமிடத்துக்குள், காலியாகிவிடும். கணக்கு இதுதான்: எட்டு பிட் ஒரு பைட். 40 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் விநாடிக்கு 5 மெகாபைட். இறக்கத்தின்போது திரையில் 4.7 என்று காட்டினால் குறை எதுவும் இல்லை, தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது, அவற்றின் முகவரித் தலைப்புகளுக்குப் போன மிச்சம் அது. வாங்கும் திட்டம் மெகாபிட்டில், பிரவுசர் காட்டுவது மெகாபைட்டில் என்பதைக் கவனிக்காமல் சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

அடுத்தது சுணக்கம், அதாவது லேட்டன்சி: தகவல் போய்ச் சேர ஆகும் நேரம். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள் ஆகிறது. அது தூரத்தின் கணக்கு. ஆற்று உவமை இதற்கு மேல் செல்லாது. தண்ணீர் கூடினால் ஓட்டமும் ஓரளவு விரையும். கண்ணாடி இழையில் அப்படி இல்லை. 10 எம்பிபிஎஸ் திட்டமானாலும் 1000 ஆனாலும் ஒளி அதற்குள் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் போகும். 350 கி.மீ. நீள இழையைக் கடக்க 2 மில்லி விநாடிகூட வேண்டாம். அதே தகவல் பூமியிலிருந்து சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போய்ப் பதில் வர அரை விநாடி ஆகிவிடும், பட்டை எவ்வளவு அகலமானாலும். காணொளி பார்க்க அகலம் போதும். நேரலை வகுப்பில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கச் சுணக்கமும் குறைவாக இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் வைஃபை, முறைப்பாசனம்போல் நடக்கிறது. ஒரே சேனலில், அதாவது பட்டையின் ஒரே பகுதியில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம். மற்றவை முறைக்குக் காத்திருக்கும். வாய்க்காலில் தலைமடைக்காரர் எடுத்துக்கொண்டால் கடைமடை காயும். வைஃபையில் இது தலைகீழ். கொல்லைப்புறத்தில் சிக்னல் மங்கிய போன், அதே தகவலை மெதுவாகப் பேசி அதிக நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரூட்டர் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்புக்குப் பங்கு குறையும். ஆகவே ரூட்டரை வாசல் திண்ணை ஓரத்தில் வைக்காமல் கூடத்தின் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். பட்டையகலம் என்ற சொல்லின் பழைய பொருளையும் ரூட்டர் அமைப்புப் பக்கத்தில் கண்ணால் பார்க்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்களில் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. கும்பகோணம் அக்கிரகாரம்போல் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் 'அதிக ஸ்பீடு' என்று நினைத்துச் சேனல் அகலத்தை 40-க்கு மாற்றினால் அண்டை வீட்டுச் சேனலோடு மோதும், இருவருக்கும் நட்டம். அங்கே 20-ஐ வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது நல்லது. தடித்த செங்கல் சுவரை 5 அவ்வளவாக ஊடுருவாது, அதற்கு 2.4 வேண்டும்.

ரூட்டரில் செருகும் நெட்வொர்க் கேபிளிலும் அகலம் சுருங்கும். 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் சோதனையில் எப்போதும் 94, 95 என்று நின்றால், வழியில் எங்கோ இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் பழைய நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று நடுவில் இருக்கலாம், அல்லது கம்பி போயிருக்கலாம். 100 எம்பிபிஎஸ்-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஜாக்கின் முனைகள் 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும், எட்டு முனையும் வேண்டும். ஜாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: நடுவில் நீலக் கம்பி முனைவரை எட்டாமல் நின்றிருக்கும், அல்லது நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். முனையை வெட்டி எறிந்து புதிய ஜாக் அடித்தால் சரியாகும். ஒரே கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

குறை எங்கே என்று பிரிக்க ஒரு வழி. லேப்டாப்பைக் கேபிளால் ரூட்டரில் நேராகச் செருகி, மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டுச் சோதனை செய்து இறக்கம், ஏற்றம், பிங் (பதில் திரும்பி வர ஆகும் நேரம்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வைஃபையில், ரூட்டர் பக்கத்திலும் படிக்கும் அறையிலும். அடுத்து விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் பிங் கட்டளையை ரூட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, ஒருமுறை கொடுங்கள், வெளியே கூகுளின் முகவரியான 8.8.8.8-க்கு இன்னொரு முறை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில் வரும். ரூட்டருக்கே நூறு மில்லி விநாடிக்கு மேல் தாவினால் கோளாறு வீட்டு வைஃபையில். ரூட்டருக்கு ஒழுங்காக வந்து வெளிமுகவரிக்கு மட்டும் தாவினால், குறை சொல்லும்முன் வீட்டில் எந்தப் போனாவது புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்துக்கான அகலம் பல திட்டங்களில் குறுகலானது. அது நிரம்பினால் பொட்டலங்கள் ரூட்டரில் வரிசை கட்டும், இறக்கம் காலியாக இருந்தாலும் வகுப்பில் உங்கள் குரல் வெட்டி வெட்டிப் போகும். அந்த ஏற்றத்தை நிறுத்திவிட்டு மறுபடி பிங் பாருங்கள். அப்போதும் தாவினால் மட்டும் இணைப்புக் கொடுத்தவரை அழையுங்கள். "ஸ்பீடு இல்லை" என்று சொல்லாமல், "கேபிளில் பட்டையகலம் 100-க்கு 96 வருகிறது, சுணக்கம் 20-லிருந்து 300 மில்லி விநாடிக்குத் தாவுகிறது" என்று எண்ணோடு சொல்லுங்கள்.