பிரேக் லைட்டில் ஒளிந்திருந்த எர்த்

பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வசிக்கும் பெரியவர் ஒருவர், தம் தந்தையார் ஓட்டிய ஹோண்டா சி70 கப்சாய் மோட்டார்சைக்கிளை ஏறத்தாழ ஓராண்டு உழைத்துப் புதுப்பித்தார். வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) துருவை நீக்கிப் பவுடர் பூச்சுக் கொடுத்து, வயர்களையும் தாமே மாற்றியிருந்தார். வண்டி கண்ணைப் பறித்தது. எஞ்சினும் ஓர் உதையில் கிளம்பியது. பிரேக் லைட் மட்டும் எரியவில்லை. "பேட்டரி புதுசு, பல்பு புதுசு, வயரும் புதுசு தம்பி. இன்னும் எதை மாத்துறது?" என்றார்.

எஞ்சின் ஓடுவதை வைத்து மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. இந்தப் பழைய பாயிண்ட் வகை (தொடுமுனைகள் திறந்து மூடித் தீப்பொறி எழுப்பும்) சி70இல் ஸ்பார்க் பிளக்கிற்கான மின்சாரத்தைச் சுழலும் காந்தச் சக்கரமே தந்துவிடுகிறது. முன்விளக்கும் டெயில் லைட்டும்கூட அதை நம்பியே எரிகின்றன. ஹார்ன், சிக்னல், பிரேக் லைட் ஆகியவைதாம் 6 வோல்ட் பேட்டரியைச் சார்ந்தவை.

எஞ்சினைக் கிளப்பாமல் சாவியைத் திருப்பி, லைட் சுவிட்சையும் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பின்விளக்கின் மூடியைக் கழற்றி, வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தபோது, பல்பின் தடித்த பிரேக் இழை இருண்டு கிடக்க, எஞ்சின் ஓடினாலன்றி எரியக்கூடாத மெல்லிய டெயில் இழை மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. பழுது எங்கே என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிட்டது.

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பல்பை எரித்தபின் மீண்டும் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் பாதைக்குத்தான் எர்த் என்று பெயர். பழைய வண்டிகளில் பெரும்பாலும் உலோகச் சட்டமே அந்தப் பாதையாகப் பயன்படுகிறது. இரண்டு இழைகளுக்கும் பல்பின் பித்தளை உடலே பொதுவான எர்த். அந்த உடலுக்கும் சட்டத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிட்டால், பிரேக் இழையைக் கடந்து வந்த மின்னோட்டம் டெயில் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, டெயில் வயர் வழியே பின்னோக்கி ஓடி, விளக்குச் சுற்றின் எர்த்தை அடைகிறது. மெல்லிய இழையின் மின்தடை அதிகம். ஆகவே பேட்டரியின் அழுத்தம் பெரும்பாலும் அதன்மேல் விழ, அது எரிகிறது. தடித்த இழை சூடேறக்கூட வழியில்லாமல் கிடக்கிறது.

தொடர்பு முற்றிலும் அறுந்தால் கண்டுபிடிப்பது எளிது. பாதி அறுந்த தொடர்புதான் ஆளைச் சுற்றலில் விடும். 6 வோல்ட், 18 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 3 ஆம்பியர் இழுக்கும். எரியும்போது அதன் தடை 2 ஓம். துருப்பிடித்த ஓர் இணைப்பு அரை ஓம் தடையைக் கூட்டினால், பல்புக்குக் கிடைப்பது 4.8 வோல்ட்தான். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் மாறுவதால், வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதே அரை ஓம் 12 வோல்ட் வண்டியில் இருந்தால், 18 வாட் பல்பு ஐந்தில் ஒரு பங்கு ஒளியைக்கூட இழக்காது. 6 வோல்ட் வண்டி மங்கலாகத்தான் எரியும் என்ற பேச்சில் பாதி, என் கருத்தில், துருப்பிடித்த எர்த்தின் மேல் போட வேண்டிய பழி.

பெரியவரும் மல்டிமீட்டர் வைத்துச் சோதித்திருந்தார். பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் பிரேக் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தபோது 6.3 வோல்ட் காட்டியதாம். மீட்டர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தவறு. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம் அளவில் இருப்பதால், அது இழுக்கும் மின்னோட்டம் அற்பமானது. போல்ட்டின் மரையோரம் நூலளவு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தாலே முழு அழுத்தமும் தெரியும். 3 ஆம்பியர் அவ்வழியே போகுமா என்பது தெரியாது. ஓம் அளவையிலும் பெரிய பயனில்லை. மீட்டரின் சொந்த வயர்களே ஓமின் சில பத்தில் பங்கு காட்டும்போது, அரை ஓம் குறையை நம்பிப் பிரித்தறிய முடியாது.

ஆகவே பல்பை அதன் இடத்திலேயே மாட்டி, பிரேக்கை மிதித்தபடி அளக்க வேண்டும். கருப்பு முனை பேட்டரியின் எதிர்முனையில் (மைனஸ்) நிலையாக இருக்கட்டும்; சிவப்பு முனையால் பல்பு ஹோல்டரின் உடல், அதைத் தாங்கும் தகடு, சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வரலாம். நல்ல எர்த்தில் 0.1 வோல்ட்டுக்குமேல் தெரியாது. எந்த இரண்டு இடங்களுக்கிடையே எண் தாவுகிறதோ, அங்கேதான் குறை. (1960களின் பிரித்தானிய மோட்டார்சைக்கிள்கள் பலவற்றில் நேர்முனைதான் எர்த்; அவற்றில் கருப்பு முனையை அங்கே வைக்க வேண்டும்.) பெரியவரின் வண்டியில் தகட்டின்மேல் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டிய மீட்டர், ஒரு விரல் தள்ளிப் பெயின்ட்டைச் சுரண்டிச் சட்டத்தைத் தொட்டதும் சுழிக்கு இறங்கியது.

பவுடர் பூச்சு ஒரு பிளாஸ்டிக் போர்வை, மின்சாரத்தைக் கடத்தாது. ஹோண்டா நிறுவனம் எர்த்துக்கென்று தரும் பச்சை வயரை, "பாடியே போதும்" என்று அவர் புதிய வயரிங்கில் விட்டுவிட்டார். பழைய துருவோடு ஓடியபோது எரிந்த விளக்கு, புதுப் பூச்சால் அணைந்தது. பினாங்கின் கடற்காற்று வேறு தன் பங்கைச் செய்யும். உப்பு ஈரம் இரண்டு வேறு உலோகங்களுக்கிடையே புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகும். வயரின் உறைக்குள் இருக்கும் செம்பும் முனையிலிருந்து உள்நோக்கிக் கறுத்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட வயரைச் சுரண்டிப் பயனில்லை, வெட்டி மாற்ற வேண்டும்.

போல்ட் உட்காரும் வட்டத்தில் மட்டும் உப்புத்தாளால் பூச்சைத் தேய்த்து, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினோம். ஹோல்டரிலிருந்து பேட்டரியின் எதிர்முனைவரை ஒரு பச்சை வயரும் இழுத்தோம். மீண்டும் அளந்தபோது மீட்டர் 0.05 வோல்ட் காட்டியது. பெரியவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், பின்னால் சுவரில் விழுந்த சிவப்பைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.