எந்தத் துயரத்துக்குப் பணம் கொட்டுகிறது, எதற்கு வருவதில்லை?

2004 டிசம்பர் 26 சுனாமியில் சுமார் 2,30,000 பேர் இறந்தார்கள். உலகம் அள்ளிக் கொடுத்தது. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு 7,100 டாலருக்கும் மேல் நிதி சேர்ந்ததாக, நிவாரண அமைப்புகள் பின்னர் சேர்ந்து செய்த மதிப்பீடு சொன்னது. அதே ஆண்டு வங்கதேச வெள்ளத்தில் 3.6 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். அங்கே தலைக்குச் செலவானது 3 டாலர். சுனாமி முடிந்து சுமார் ஒரு வாரத்திலேயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, "இந்த வேலைக்குப் போதிய பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம்" என்று அறிவித்தது. பணம் திரட்டும் ஓர் அமைப்பு வாயைத் திறந்து 'போதும்' என்று சொல்வது அபூர்வம்.

நிவாரண நிதி திரட்டுகிறவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு பழகிப்போனது. எத்தனை பேருக்கு உதவி தேவை என்பதைவிட, துன்பம் எந்த உருவில் வந்தது என்பதே கொடையைத் தீர்மானிக்கிறது. ஒரே நாளில் நடந்ததா, பார்க்கப் படம் இருந்ததா, பழி சுமத்த ஆள் இருந்தாரா என்ற மூன்றையும் கேட்டால் நிதி எவ்வளவு வரும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

முதலில் வேகம். 1968 முதல் 2002 வரை நடந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எப்படி இடம்பெற்றன என்று இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். எரிமலையில் ஒருவர் இறந்தால் கிடைக்கிற கவனம் உணவுப் பஞ்சத்துக்குக் கிடைக்க, ஏறத்தாழ 40,000 பேர் இறந்தாக வேண்டியிருந்தது. ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் வந்த பேரிடருக்கும் செய்தியில் இடம் குறைந்தது, அரசு உதவியும் குறைந்தது. சோமாலியப் பஞ்சம் பற்றிய எச்சரிக்கைகள் 2010-இலேயே வந்துகொண்டிருந்தன. பஞ்சம் என்ற அறிவிப்பு 2011 ஜூலை 20 அன்றுதான் வந்தது. அதற்குப் பிறகே பணம் பெரிய அளவில் நகர்ந்தது. இறந்த சுமார் 2,60,000 பேரில் பாதிப் பேர் அதற்குள் போய்விட்டிருந்தார்கள்.

அடுத்து முகம். 2007-இல் வெளிவந்த ஒரு சோதனையில், பங்கேற்றவர்கள் கையில் 5 டாலர் கொடுத்து, பட்டினிக்கு உதவுமாறு கேட்டார்கள். மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை மட்டும் காட்டியபோது சராசரியாக 2.38 டாலர் வந்தது. லட்சக்கணக்கானோர் பற்றிய புள்ளிவிவரத்துக்கு 1.14. சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினால் 1.43. எண்கள் சேரச் சேர இரக்கம் கூடவில்லை, குறைந்தது. வேண்டுகோள் எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறுகிற இடம் இதுதான்: ஒரு குழந்தையின் கதையைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "இதுபோல் இன்னும் 40 லட்சம் பேர்" என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணுக்கு உரிய இடம் திட்ட அறிக்கை.

மூன்றாவது பழி. நிலநடுக்கத்தில் வீடிழந்தவருக்குக் கை நீள்கிறது, போரில் வீடிழந்தவருக்குத் தயங்குகிறது. போதைக்கு அடிமையானவருக்கும் சிறையிலிருந்து வந்தவருக்கும் இன்னும் குறைவு. 'தானாகத் தேடிக்கொண்டது' என்ற தீர்ப்பைச் சத்தமில்லாமல் எழுதிவிட்டுத்தான் பலர் பணப்பையைத் திறக்கிறோம். கொடை தங்கள் உரிமை, அதில் நியாயம் பேச வேண்டாம் என்பார்கள். உரிமைதான்; ஆனால் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் விசாரணையே இல்லாமல் எழுதப்பட்டது.

எழுந்த இரக்கமும் நிலைப்பதில்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியச் சிறுவனின் படம் வந்த வாரத்தில், ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதிகள் நிதிக்கு வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை முந்தைய வாரத்தைவிட 100 மடங்குக்கும் மேல் ஏறியது. சுமார் ஆறு வாரத்தில் அலை அடங்கிவிட்டது. ஆனால் அந்த மாதத்தில் மாதாந்திரக் கொடையாளர்களாகச் சேர்ந்தவர்களில் மிகச் சிலரே அடுத்த சில மாதங்களில் நிறுத்தினார்கள். நிதி திரட்டுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது காலக்கெடு. ஆறு வாரத்துக்குள் நன்றிக் கடிதத்தோடு மாதாந்திரப் படிவமும் போய்ச் சேர வேண்டும்.

கொடுப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. 'இந்தப் பேரிடருக்கு மட்டும்' என்று குறித்து அனுப்பிய பணத்தை அமைப்பு வேறு இடத்துக்குத் திருப்ப முடியாது. திருப்பினால் நம்பிக்கை முறியும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் திரட்டிய நிதியில் ஒரு பகுதியை வேறு தேவைகளுக்கு ஒதுக்க முயன்ற அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், கடும் எதிர்ப்பால் பின்வாங்கியது. ஆகவே நம்பகமான அமைப்பு என்றால் எதற்கும் குறிக்காத பொதுநிதிக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன், அந்த நிகழ்வுக்கு இதுவரை வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிஞ்சினால் எங்கே போகும் என்று எழுதிக் கேளுங்கள். செய்தியில் பெயர் மறைந்த பிறகு அனுப்புவது இன்னும் நல்லது. மீள்கட்டுமானச் செலவு அப்போதுதான் வருகிறது.

மெல்ல நகரும் துயரங்களுக்கு நிதி கேட்பவர் 'பஞ்சம்', 'வறட்சி' என்ற சொற்களோடு நிற்கக்கூடாது. அளவும் நாளும் வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள ஒரு குழந்தை தேற, 92 கிராம் சிகிச்சை உணவுப் பொட்டலங்கள் ஏறக்குறைய 150, அதாவது ஒரு பெட்டி, ஆறு முதல் எட்டு வாரத்துக்குத் தேவைப்படும். ஒரு குழந்தை, ஒரு பெட்டி, மழைக்காலம் தொடங்கிச் சாலைகள் அடைபடும் முன் கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டிய தேதி என்று எழுதினால், மாதக்கணக்கில் நீளும் பஞ்சத்துக்கும் கொடுப்பவர் மனதில் ஒரு கெடு விழும்.