மனச்சோர்வுக்கு ‘மன அழுத்தம்’ என்று பெயர் வைத்தது யார்?

மட்டக்களப்பில் கையில் கிடைக்கும் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களில் பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைக்கும் மன அழுத்தம், கடன்காரரைக் கண்டு ஒளிக்கிறவருக்கும் மன அழுத்தம், வாரக்கணக்கில் கட்டிலை விட்டு எழும்பாதவருக்கும் மன அழுத்தம். முதல் இருவரையும் விட்டுவிடலாம், அது ஸ்ட்ரெஸ். மூன்றாமவருக்கு இருப்பது டிப்ரெஷன். அதற்குத் தமிழில் மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது, மருத்துவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

டிப்ரெஷன் என்ற சொல், கீழே அமுக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் யாரோ அழுத்தம் என்று போட்டிருக்க வேண்டும். சோர்தல் என்றால் தளர்தல், நழுவுதல், வடிதல். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது என்பதெல்லாம் பழைய வழக்கு.

வேரைப் பார்த்துப் பெயர் வைப்பதில் உள்ள கோளாறைக் காண, அதே ஆங்கிலச் சொல் மற்ற இடங்களில் என்னவாகிறது என்று பாருங்கள். வங்காள விரிகுடாவில் உருவானால் நம் வானொலி அதைத் தாழமுக்கம் என்கிறது. அங்கே அமுக்கம் குறைகிறது, கூடுவதில்லை. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத்தில் வந்தால் மந்தம். 1929-இல் தொடங்கிய உலகச் சரிவை யாரும் ‘பெரும் அழுத்தம்’ என்று எழுதவில்லை, பெருமந்தம் என்றார்கள். மனதுக்கு வரும்போது மட்டும் அழுத்தமாம்!

இன்னொன்று, தமிழில் அழுத்தம் உறுதியைக் குறிக்கும் சொல். அழுத்தமாகச் சொன்னார் என்றால் தயங்காமல் சொன்னார் என்று பொருள். அழுத்தமான ஆள் என்றால் லேசில் வாய் திறக்காதவர், பிடிவாதக்காரர். எழும்பிக் குளிக்கவே ஏலாமல் கிடக்கிறவருக்கு இந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? நம் வீடுகளில் ‘மனம் விட்டுப் போச்சு’, ‘ஒண்டுக்கும் மனமில்ல’, ‘கனக்க யோசிக்கிறா’ என்கிறார்கள். முதல் இரண்டிலும் சோர்வுதான் தெரிகிறது. அழுத்தம் எங்கேயும் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரைப் பார்த்துத்தானே வீட்டார் வைத்தியம் சொல்கிறார்கள்! அழுத்தம் என்றதும் வாயில் வருவது ஓய்வு. ‘பெரியம்மா, நீங்க ஒண்டும் செய்ய வேணாம், பேசாமப் படுங்கோ’ என்று அன்பாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வேலைப்பளுவில் நசுங்கியவருக்கு அது நல்ல யோசனை. சோர்வில் கிடப்பவரை அது இன்னும் கிடத்திவிடும். மனம் வந்தபிறகு செய்வோம் என்று காத்திராமல் சின்னதாக ஒன்றைச் செய்யத் தொடங்குவதுதான் மனச்சோர்வுக்கான உளச்சிகிச்சைகளில் ஒன்றின் அடிப்படை. செய்யச் செய்ய மனம் பின்னால் வரும். தினமும் ஒரே நேரத்தில் எழும்புதல், முகம் கழுவி வெயிலைக் காணுதல், பசியில்லாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுதல், ஒருவரோடாவது கதைத்தல், இவைதான் அந்தச் சின்ன வேலைகள். நடை இன்னும் நல்லது. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோர்ந்தவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லி மிரட்ட வேண்டாம். பழைய கல்லடிப் பாலத்தில் பத்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பினாலே தொடக்கத்துக்குப் போதும். சாராயத்தில் ஆறுதல் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்: அது தூக்கத்தைக் கெடுத்துச் சோர்வைக் கூட்டும்.

சரி, மனச்சோர்வு என்ற சொல்லில் குறையே இல்லையா? இருக்கிறது. சோர்வு என்றால் ஒரு தேத்தண்ணி குடித்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள், சிலருக்கு அது சோம்பல் என்றே கேட்கிறது. ஆகவே மருத்துவப் பொருளில் எழுதும்போது மனச்சோர்வு நோய் என்று நோயையும் சேர்த்து எழுதுங்கள். உளச்சோர்வு என்றாலும் எனக்குச் சம்மதம். மன இறுக்கம் மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே ஆட்டிசத்துக்கும் எடுத்துவிட்டார்கள். விரக்தி பற்றின்மையைக் குறித்த சொல், அதுவும் சரிவராது. அப்புறம் ஸ்ட்ரெஸ்ஸுக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் நாட்டு உளநல எழுத்தில் நெருக்கீடு என்ற அருமையான சொல் புழங்குகிறது. அதை விட்டுவிட்டு, கணினி மொழிபெயர்ப்பு துப்புவதை அப்படியே அச்சுக்கு அனுப்புகிறார்கள். காரைதீவில் பிறந்து, கலைச்சொல்லாக்கத்துக்காக உழைத்த விபுலாநந்த அடிகளின் மண்ணில் இது நடக்கிறது.

அந்தத் துண்டுப்பிரசுரங்களில் வரும் ‘வாழ்க்கை முறை மாற்றங்கள்’ என்ற தலைப்பும் அப்படித்தான். வாழ்க்கையையே மாற்று என்று கேட்டால், எழும்ப ஏலாதவர் பயந்துபோய்ப் போர்வையை இழுத்து மூடுவார். அன்றாடப் பழக்கங்கள் என்று எழுதினால் என்ன? கூடவே, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால், அல்லது சாக வேண்டும் போல ஒரு தடவை தோன்றினாலும், பழக்கங்களோடு நிற்காமல் உடனே வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள், தேசிய மனநல உதவி இலக்கமான 1926-ஐயும் பெரிய எழுத்தில் போடுங்கள்.